புகையிலைப் பழக்கத்தை மருத்துவர் ஏன் எழுதிவைக்கிறார்?

ஒருவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படும்போது மருத்துவரும் செவிலியரும் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்பார்கள். சர்க்கரை நோய் உண்டா, இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்கிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்பவற்றுக்குத் தயக்கமின்றி விடை வரும். "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்கு மட்டும் நோயாளி தம் மனைவியின் முகத்தைப் பார்ப்பார், மனைவி மகனைப் பார்ப்பார். "எப்போதாவது" என்றோ "விட்டுவிட்டார்" என்றோ ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடும். சில நாள்கள் கழித்து டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும், "அதில் உள்ள புகைப்பழக்க வரியை எடுத்துவிட முடியுமா, டாக்டர்?" என்று அதே குடும்பத்தினர் கேட்பதும் உண்டு.

இந்தத் தயக்கத்தை நாங்கள் அறிவோம். ஊரார் முன் தலைகுனிவு, பெற்றோரிடம் அச்சம், காப்பீட்டுத் தொகை கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலை ஆகியவை அதன் பின்னே இருக்கின்றன. ஆயினும் அந்த வரி நோயாளியின் நடத்தைக்கு வழங்கப்படும் நற்சான்றும் அன்று, குற்றப்பத்திரிகையும் அன்று. அது ஒரு சிகிச்சைக் குறிப்பு. முழுமையாக எழுதப்பட்டால் அது நோயாளியைக் காக்கும்; மழுப்பலாக எழுதப்பட்டாலோ விடுபட்டாலோ தீங்கு விளைவிக்கும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகோடின் மூளையில் செய்வது என்ன?

புகையிலையில் உள்ள நிகோடின் என்னும் பொருள், புகையாக உள்ளிழுக்கப்படும்போது 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அங்குள்ள ஏற்பிகளில் அது ஒட்டிக்கொண்டதும் டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. ஒரு சிறு நிறைவு, ஒரு சிறு சுறுசுறுப்பு தோன்றுகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழும்போது மூளை தன்னை அதற்கேற்ப மாற்றியமைத்துக்கொள்கிறது. ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. நிகோடின் கிடைக்காதபோது அவ்வேற்பிகள் வெறுமையாகக் கிடக்கின்றன; அந்த வெறுமையே எரிச்சலாகவும் அமைதியின்மையாகவும் வெளிப்படுகிறது.

இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு முழுவதும் உறங்கி எழுந்தவரின் உடலில் அது மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும். இதனால்தான், "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடியைப் பற்றவைக்கிறீர்கள்?" என்று மருத்துவர்கள் கேட்கிறோம். பாகர்ஸ்ட்ராம் அளவுகோல் எனப்படும் ஆறு கேள்விகள் கொண்ட, பத்து மதிப்பெண் சோதனையில் இக்கேள்விக்கே தனி இடம் உண்டு. எழுந்த ஐந்து நிமிடங்களுக்குள் புகைப்பவருக்கு முழுமையாக மூன்று மதிப்பெண் தரப்படுகிறது. ஒரு மணி நேரத்திற்கும் மேல் பொறுத்திருக்கக்கூடியவருக்கு மதிப்பெண் ஏதுமில்லை. ஒருவரின் மன உறுதியை இந்த மதிப்பெண் அளப்பதில்லை; நிகோடினை அவருடைய மூளை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்பதையே காட்டுகிறது.

வார்டில் தொடங்கும் விலகல் நிலை

மருத்துவமனை வளாகத்தில் புகைக்க இயலாது. ஆகவே விபத்தினாலோ மாரடைப்பினாலோ திடீரெனச் சேர்க்கப்படும் புகைப்பழக்கம் உள்ளவர், தாம் முடிவு செய்யாமலேயே அன்று புகையிலையை நிறுத்திவிட்டவர் ஆகிறார். நான்கு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் விலகல் அறிகுறிகள் தொடங்குகின்றன. இரண்டாம், மூன்றாம் நாள்களில் அவை உச்சத்தை அடைகின்றன. பின்னர் படிப்படியாகத் தணிந்து, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்குகின்றன. பசி மிகுதியும் அவ்வப்போது எழும் நாட்டமும் மட்டும் மேலும் சில காலம் நீடிக்கலாம்.

எரிச்சலும் கோபமும், இனம்புரியாத பதற்றம், மனச்சோர்வு, கவனம் நிலைகொள்ளாமை, உறக்கமின்மை, ஓரிடத்தில் இருக்க இயலாத தவிப்பு, மிகுபசி, புகையிலை மீது அடங்காத நாட்டம் ஆகியவை இந்நிலையின் முக்கிய அறிகுறிகள். நாடித்துடிப்பு சற்றுக் குறைவதும் உண்டு.

எங்கள் பிரிவில் அடிக்கடி காணும் ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட ஒரு முதியவர் முதல் நாள் அமைதியாக இருக்கிறார். மறுநாள் இரவில் உறங்காமல் எழுந்து உட்கார்கிறார். ஊசிக்குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி மகளிடம் சீறுகிறார். "அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டதோ?" என்று குடும்பம் அஞ்சுகிறது. அந்த வேளையில் மருத்துவர் எண்ண வேண்டியவை பல. ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், சோடியம் அளவு மாறியிருக்கலாம், நோய்த்தொற்று இருக்கலாம், வலியே தாங்க முடியாததாக இருக்கலாம், மதுவை நிறுத்தியதன் விளைவாகவும் இருக்கலாம். நோய்க்குறிப்பேட்டில் "புகையிலைப் பழக்கம் இல்லை" என்று எழுதியிருந்தால், இந்தப் பட்டியலில் நிகோடின் விலகல் இடம்பெறாமலே போய்விடும். தேவையற்ற பரிசோதனைகளும் உறக்க மருந்துகளும் தொடரக்கூடும். எளிதில் தணிக்கக்கூடிய தவிப்பு தணியாமலே இருக்கும்.

இதன் மறுபக்கமும் சம அளவு முக்கியமானது. நிகோடின் விலகல் தவிப்பைத் தரும். ஆனால் அது மட்டுமே காய்ச்சலையோ வலிப்பையோ, இல்லாத உருவங்கள் தெரிவதையோ உண்டாக்குவதில்லை. கை நடுக்கம், மிகுந்த வியர்வை, விரைந்த நாடித்துடிப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை தென்பட்டால் மதுவிலகலையோ வேறு தீவிர நோயையோ மருத்துவர் தேடியாக வேண்டும். ஆகவே மதுப்பழக்கத்தையும் புகையிலைப் பழக்கத்தையும் தனித்தனியே, மறைக்காமல் சொல்வது உயிர் காக்கும் செய்தியாகும்.

புகையை நிறுத்தினால் மருந்தின் அளவு மாறுமா?

சில மருந்துகளுக்கு மாறும். புகையிலைப் புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள் கல்லீரலில் உள்ள ஒரு நொதியை மிகுதியாக இயங்கச் செய்கின்றன. அந்நொதி சில மருந்துகளை விரைவாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. ஆஸ்துமாவிற்கும் நாள்பட்ட மூச்சடைப்பிற்கும் தரப்படும் தியோபிலின், மனநோய்க்குத் தரப்படும் குளோசபின், ஓலான்சபின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. புகைப்பவருக்கு இம்மருந்துகள் சற்றுக் கூடுதல் அளவில் தேவைப்படுவது வழக்கம். அவர் திடீரெனப் புகைப்பதை நிறுத்தினால், சில நாள்களிலேயே நொதியின் வேகம் தணிந்து, அதே மாத்திரை இரத்தத்தில் மிகுதியாகத் தேங்கத் தொடங்கும். தியோபிலின் மிகுந்தால் குமட்டல், படபடப்பு, வலிப்பு வரை செல்லலாம்; குளோசபின் மிகுந்தால் கடும் தூக்கமும் வலிப்பும் ஏற்படலாம்.

காபியில் உள்ள கஃபீனையும் இதே நொதிதான் சிதைக்கிறது. வழக்கமாக நான்கு குவளை காபி குடிப்பவர், புகைப்பதை நிறுத்திய பின்னும் அதே நான்கு குவளையைக் குடித்தால், படபடப்பும் உறக்கமின்மையும் மேலும் கூடும். அதை விலகல் நிலை என்று எண்ணி மனம் தளர்பவர் பலர். காபியைப் பாதியாகக் குறைப்பது எளிய தீர்வு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இவ்விளைவுக்குக் காரணம் புகையே; நிகோடின் அன்று. புகையிலையை மெல்லுபவருக்கும் நிகோடின் ஒட்டுப்பட்டை பயன்படுத்துபவருக்கும் இம்மாற்றம் நேர்வதில்லை. ஆதலால் "புகையிலை உண்டு" என்று எழுதினால் போதாது. எந்த வடிவில் என்பதும் எழுதப்பட வேண்டும்.

குறியீடு என்பது என்ன?

நீங்கள் வீடு திரும்பிய பின், உங்கள் நோய்க்குறிப்பேடு மருத்துவப் பதிவேடுகள் துறைக்குச் செல்கிறது. அங்குப் பணிபுரிவோர் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண்ணை இடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டிலிருந்து அந்த எண் எடுக்கப்படுகிறது. 1893-ஆம் ஆண்டில் பிரான்சின் ஜாக் பெர்ட்டில்லோன் வகுத்த இறப்புக் காரணங்களின் பட்டியலே இதற்கு முன்னோடி. 1948-இல் வந்த ஆறாம் திருத்தம் முதல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பேணி வருகிறது. மருத்துவமனைகளில் பழக்கத்தில் உள்ளது பத்தாம் திருத்தம். பதினோராம் திருத்தம் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பத்தாம் திருத்தத்தில் புகையிலையால் வரும் நிலைகளுக்கு எஃப்17 என்ற தலைப்பு உண்டு. அதன்கீழ், தீங்கு விளைவிக்கும் பயன்பாட்டுக்கு எஃப்17.1, சார்புநிலைக்கு எஃப்17.2, விலகல் நிலைக்கு எஃப்17.3 என எண்கள் உள்ளன. பழக்கம் உண்டு, ஆனால் சார்புநிலை என்று சொல்லுமளவுக்கு இல்லை என்பவருக்கு இசட்72.0 என்ற வேறோர் எண் உண்டு. ஆகவே புகைப்பவர் அனைவரும் ஒரே பெட்டியில் அடைக்கப்படுவதில்லை. சார்புநிலை என்று எழுத ஓர் அளவுகோல் இருக்கிறது. கடும் நாட்டம், அளவைக் கட்டுப்படுத்த இயலாமை, விலகல் அறிகுறிகள், பழைய அளவு போதாமற்போதல், பிற ஈடுபாடுகள் குறைதல், தீங்கு தெரிந்தும் தொடர்தல் ஆகிய ஆறனுள் மூன்றேனும் கடந்த ஓராண்டில் சேர்ந்து காணப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வகைப்பாட்டின் விரிவான மருத்துவ விளக்கத்தில் மேலும் ஒரு நுண்மை உண்டு. சார்புநிலையின் இன்றைய கட்டத்தைக் காட்ட ஐந்தாவது இலக்கம் ஒன்றைச் சேர்க்கலாம். இப்போது விலகியிருப்பவருக்கு எஃப்17.20. மருத்துவமனை போன்ற பாதுகாக்கப்பட்ட சூழலில் மட்டும் விலகியிருப்பவருக்கு எஃப்17.21. நிகோடின் ஒட்டுப்பட்டை, சூயிங்கம் ஆகியவற்றால் மாற்றுச் சிகிச்சை பெறுபவருக்கு எஃப்17.22. இப்போதும் பயன்படுத்துபவருக்கு எஃப்17.24. வார்டில் ஐந்து நாள் புகைக்காமல் இருந்தவரை "விட்டுவிட்டார்" என்று எழுதினால், வீடு திரும்பிய பின் அவருக்கு வேண்டிய துணையை ஒருவரும் ஏற்பாடு செய்யமாட்டார்கள். 'பாதுகாக்கப்பட்ட சூழலில்' என்ற அந்த ஓர் இலக்கம், ஆபத்து இனிமேல்தான் என்பதை அடுத்த மருத்துவருக்கு உணர்த்துகிறது.

அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் தனிப் பதிப்பில் புகையிலையின் வடிவமும் எண்ணிலேயே அடங்கிவிடும். சிகரெட் சார்புநிலை விலகலுடன் என்றால் எஃப்17.213, மெல்லும் புகையிலை என்றால் எஃப்17.223. உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பில் பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை அனைத்துக்கும் ஒரே எண்தான். எனவே நம் நாட்டில் மருத்துவர் சொற்களால் எழுதும் விளக்கமே அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது.

குறியீட்டை இடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. ஏட்டை மட்டுமே படிக்கிறார். "இரவு உறங்கவில்லை, எரிச்சலாக இருந்தார்" என்று செவிலியர் எழுதியிருந்தாலும், அது நிகோடின் விலகலால் நேர்ந்தது என்று மருத்துவர் எழுதாதவரை அவர் விலகல் நிலைக்கான எண்ணை இட இயலாது. ஊகித்து எழுதும் உரிமை அவருக்கு இல்லை.

ஒரே செய்தி, இரு விதமான பதிவு

பின்வரும் இரண்டும் ஒரே நோயாளியைப் பற்றிய கற்பனைப் பதிவுகள்.

முதல் பதிவு: "நாள்பட்ட புகைப்பழக்கம் உள்ளவர்."

இரண்டாம் பதிவு: "30 ஆண்டுகளாக நாளொன்றுக்கு 15 பீடி. எழுந்த ஐந்து நிமிடங்களுக்குள் முதல் பீடி. மெல்லும் புகையிலை இல்லை, மது இல்லை. கடைசியாகப் புகைத்தது செவ்வாய் காலை 6 மணி. புதன் காலை முதல் எரிச்சல், உறக்கமின்மை, கடும் நாட்டம். காய்ச்சல் இல்லை, ஆக்சிஜனும் சர்க்கரையும் சீர். நிகோடின் சார்புநிலை, விலகல் நிலையுடன். ஒட்டுப்பட்டை தொடங்கப்பட்டது; அறிகுறிகள் தணிந்தன. தியோபிலின் அளவு மறுஆய்வு செய்யப்பட்டது. நிறுத்த விரும்புகிறார், இரு வாரத்தில் மறுவருகை."

முதல் பதிவு ஒரு முத்திரையைக் குத்திவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டாம் பதிவைக் கையில் வைத்திருக்கும் எந்த ஊர் மருத்துவரும் சிகிச்சையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னோர் அறுவைச் சிகிச்சை வந்தால் மயக்க மருத்துவருக்கும் அது வழிகாட்டும். அறுவைக்கு நான்கு வாரங்களேனும் முன்னதாகப் புகைப்பதை நிறுத்தியவர்களுக்குப் பின்விளைவுகள் குறைகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது. அந்த நான்கு வாரங்களைக் கணக்கிட, நிறுத்திய தேதி ஏட்டில் இருக்க வேண்டும்.

"இது மனநோய்ப் பட்டியலா?"

எஃப் என்ற எழுத்தைக் கண்டதும் சிலர் கலங்குகிறார்கள். மனநலமும் நடத்தையும் சார்ந்த நிலைகளுக்கான அத்தியாயத்தின் எழுத்து அது என்பது உண்மையே. உறக்கக் கோளாறு முதல் மறதி நோய் வரை பலவும் அதில் அடங்கும். ஓர் அத்தியாயத்தில் இடம்பெறுவதால் ஒருவர் சித்தம் கலங்கியவர் ஆகிவிடுவதில்லை. மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டவரைக்கூட, நீதிமன்றம் அவ்வாறு அறிவிக்காதவரை, அந்த ஒரு காரணத்தால் சித்த சுவாதீனம் அற்றவராகக் கருதக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

"காப்பீடு கிடைக்காமல் போகுமா?"

இது நேர்மையாக விடையளிக்க வேண்டிய கேள்வி. மதுப்பழக்கம், போதைப்பொருள் பழக்கம், பிற அடிமைப் பழக்கங்கள் ஆகியவற்றுக்கான சிகிச்சையும் அவற்றின் விளைவுகளும், நம் நாட்டின் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் வழக்கமாகக் காணப்படும் விலக்குகளுள் ஒன்று. ஆகவே குடும்பத்தினரின் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் வரியை நீக்குவது அதற்குத் தீர்வாகாது.

நோய்க்குறிப்பேடு ஒரு சட்ட ஆவணம். நடந்ததை மாற்றி எழுத மருத்துவருக்கு உரிமை இல்லை. மேலும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியை நீக்கினாலும் செவிலியர் குறிப்பிலும், மயக்க மருத்துவரின் படிவத்திலும், பழைய வெளிநோயாளிச் சீட்டிலும் அது இருக்கும். ஒன்றுக்கொன்று முரண்படும் ஏடுகளே ஐயத்தை எழுப்புகின்றன.

குடும்பத்தினர் கேட்கத்தக்கவை வேறு சில உண்டு. பதிவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டவரை "புகைப்பவர்" என்று எழுதியிருந்தாலோ, வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியைப் புகைப்பவர் என்று எழுதியிருந்தாலோ, எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். மருத்துவர் பழைய வரியை அழிக்காமல், படிக்கும்படி விட்டு, திருத்தத்தைத் தேதியுடனும் கையொப்பத்துடனும் சேர்ப்பார். பழக்கம் இருந்தது என்பது ஒரு செய்தி. இந்த நோய் அப்பழக்கத்தால் வந்தது என்பது வேறொரு முடிவு. இரண்டாவதற்கு மருத்துவ அடிப்படை இருந்தால் மட்டுமே அது எழுதப்பட வேண்டும்; அந்த அடிப்படை என்ன என்று கேட்பது உங்கள் உரிமை.

காப்பீட்டு விண்ணப்பத்தில் புகையிலை பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதியிருப்பதே பெரிய பாதுகாப்பு. கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்திற்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். அப்போது உங்களுக்குத் துணை நிற்பது தெளிவான ஏடே. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, ஏட்டின் நகலைக் கேட்ட 72 மணி நேரத்திற்குள் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு.

சேர்க்கையின்போது சொல்ல வேண்டியவை

1. எந்த வடிவம்: பீடி, சிகரெட், சுருட்டு, வெற்றிலையுடன் புகையிலை, உதட்டுக்குள் வைக்கும் பொட்டலம், மூக்குப்பொடி, மின்சிகரெட். "புகைப்பதில்லை" என்பதோடு நிறுத்த வேண்டாம். 2016–17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோருள் 28.6 விழுக்காட்டினர் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள், புகைப்போர் 10.7 விழுக்காடு, புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. இருவகையையும் பயன்படுத்துவோர் இரு கணக்கிலும் வருவர்.

2. நாளொன்றுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக.

3. எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் முறை.

4. கடைசியாகப் பயன்படுத்திய நாளும் நேரமும். விலகல் நிலை எப்போது தொடங்கும் என்பதை இதைக்கொண்டே கணிக்கிறோம்.

5. முன்பு நிறுத்த முயன்றபோது என்ன நேர்ந்தது. எந்த மருந்து உதவியது.

6. மதுப்பழக்கம், கடைசியாகக் குடித்த நேரம். வழக்கமாக உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளும். நாள்தோறும் குடிக்கும் காபியின் அளவு.

நோயாளியால் பேச இயலாதபோது இவற்றைச் சொல்ல வேண்டியவர் உடனிருப்பவரே. பெற்றோர் முன் சொல்லத் தயங்கும் இளைஞர்கள், "உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொன்னால் போதும். நோயாளி தனிமையில் சொன்னதைக் காப்பது எங்கள் கடமை.

தவிப்பைத் தணிக்க என்ன செய்கிறோம்?

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை நாள் முழுவதும் சீராக நிகோடினைத் தருகிறது. பழக்கத்தின் அளவைப் பொறுத்து 21, 14, 7 மில்லிகிராம் எனப் படிப்படியாகக் குறைக்கப்படும். திடீரென எழும் நாட்டத்திற்கு 2 அல்லது 4 மில்லிகிராம் சூயிங்கம் உதவும். இதைச் சாதாரணச் சூயிங்கம்போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. சுள்ளென்ற சுவை வரும்வரை மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை மங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, புளிப்புப் பானங்களைத் தவிர்க்க வேண்டும். இத்தகைய நிகோடின் மாற்றுச் சிகிச்சை, புகைப்பதை விடும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது என்பது பல ஆய்வுகளின் ஒட்டுமொத்த முடிவு. புப்ரோபியான், வேரனிக்ளின் என்னும் மாத்திரைகளும் உண்டு. அவை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

அப்பா தவிப்பதைக் காணப் பொறுக்காமல், கழிவறையில் ஒரு பீடி புகைக்க உதவும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்பினால் செய்வது என்றாலும் அது ஆபத்து. ஆக்சிஜன் செல்லும் இடத்தில் ஒரு தீப்பொறி போதும். அதற்கு மாறாக, "அவருக்குத் தாங்கவில்லை" என்று செவிலியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு எங்களிடம் மருந்து இருக்கிறது. மூன்றாம் நாளில் வரும் கடுஞ்சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அவை உங்கள் மேல் உள்ள வெறுப்பால் வருபவை அல்ல.

நிறுத்திய முதல் ஓராண்டில் சராசரியாக நான்கு முதல் ஐந்து கிலோ எடை கூடலாம். அதற்கு அஞ்சிப் பழக்கத்திற்குத் திரும்ப வேண்டியதில்லை. சர்க்கரை நோயுள்ளவர்கள் மட்டும் உணவு ஆலோசகரை முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையில் தொடங்கிய ஆலோசனை, வீடு திரும்பிய பின்னும் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்தால்தான் உறுதியான பயன் கிடைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போது மூன்று செய்திகள் அதில் உள்ளனவா என்று பாருங்கள்: நிறுத்திய தேதி, தொடர வேண்டிய மருந்தும் அதன் கால அளவும், மறுவருகை நாள். அவை விடுபட்டிருந்தால் வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் உதவி தேவைப்பட்டால், புகையிலைப் பொட்டலங்களின் மீதே அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்த மருத்துவரிடம் செல்லும்போது அந்த ஏட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ புகையிலையைத் தொடாமல் இருந்துவிட்டால் அதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எஃப்17.21 என்று எழுதப்பட்ட அதே ஏட்டில் எஃப்17.20 என்று எழுதும் நாளை, உங்களைப்போலவே நாங்களும் எதிர்பார்த்திருக்கிறோம்.